வானத்துக்குப் பட்டா கிடையாது

(தை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை மாலை, ஆலைத் தொழிலாளர் குடியிருப்பை அடுத்த வாசகசாலையின் மொட்டை மாடியில், தொலைநோக்கி செய்து வைத்திருக்கும் தோழர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு. பேச்சு முடிந்ததும், வந்திருந்தோர் அனைவரும் வரிசையில் நின்று வானத்தைப் பார்த்தனர்.)



பகல் ஷிப்டு முடிந்து முகம் கழுவியதும் கழுவாததுமாகப் பலர் வந்திருக்கிறீர்கள். அறுப்பு வயலிலிருந்து அரிவாளோடு நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களை உட்காரவைத்து நெடுநேரம் பேசுவது எங்களுக்குப் பிரியமான காரியம் அல்ல. ஆனாலும் அரைமணி நேரம் பேசித்தான் ஆகவேண்டும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தவனுடைய கண், இருட்டுக்கு நன்றாகப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும். அதுவரை தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் நாம் இன்று பார்க்கப்போவது தெரியாது. ஆகவேதான் மாடி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நின்று பேசுகிறோம். பீடி பற்றவைக்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தீக்குச்சி வெளிச்சம் போதும், அத்தனை பேருடைய அரைமணி நேரமும் வீணாகிவிடும். கைப்பேசியை எடுப்பதும் அப்படித்தான். தயவுசெய்து பையிலேயே இருக்கட்டும்.

இன்று பார்க்கப்போவது என்ன?

சந்திரனைக் காட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம். சனிக் கிரகத்தின் வளையத்தைக் காட்டினால் குழந்தைகள் கைதட்டும். ஆனால் இன்று நாம் பார்க்கப்போவது அவற்றைப்போல் பளிச்சென்று இருக்காது. ப்ளோ ரூமில் விளக்கடியில் மிதக்கும் பஞ்சுத் தூசியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படி ஒரு மங்கிய துணுக்கு. அவ்வளவுதான் தெரியும். "இதற்கா இத்தனை ஏற்பாடு?" என்று கேட்கத் தோன்றும். அந்தத் துணுக்கு என்னவென்று தெரிந்துகொண்டு பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

நம் சூரியன் ஒரு நட்சத்திரம். அதைப்போல பதினாயிரம் கோடி முதல் நாற்பதினாயிரம் கோடி நட்சத்திரங்கள்வரை ஒன்றாகச் சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கிற ஒரு மாபெரும் குடியிருப்பில்தான் நாமும் இருக்கிறோம். பெரியவர்கள் ஆகாய கங்கை என்று காட்டினார்களே, அது இந்தக் குடியிருப்பை உள்ளேயிருந்து பார்க்கும் தோற்றம். இதைப் பால்வீதி மண்டலம் என்கிறோம். ஆங்கிலத்தில் கேலக்ஸி என்பார்கள். இதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி போய்ச் சேரவே சுமார் 1 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஒளியோ ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடியது!

இந்த மண்டலத்துக்கு வெளியே, வெகுதூரத்தில் இதைப்போலவே இன்னொரு மண்டலம் இருக்கிறது. அதன் பெயர் ஆண்ட்ரோமீடா. அங்கிருந்து ஒளி இங்கே வர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இன்று இந்த மாடியில் உங்கள் கண்ணில் விழப்போகும் ஒளி, 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டுவிட்டது.

அது புறப்பட்டபோது பூமியில் நம்மைப்போன்ற மனிதன் இல்லை. நம் மூதாதையர் கல்லை உடைத்துக் கருவி செய்யப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒளி வழியில் வந்துகொண்டிருந்தபோது, நம் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ஆதி மனிதர் கற்கோடரி செய்தார்கள். அது சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். பிறகு நெருப்பு வந்தது, ஏர் வந்தது, தறி வந்தது, ஆலை வந்தது. அத்தனை காலமும் அந்த ஒளி ஓடிக்கொண்டே இருந்தது. அதன் ஓட்டம் இன்று இரவு நம் கண்ணுக்குள் வந்து முடிகிறது.

கண்டுபிடித்தவர்கள் யார்?

இந்த மங்கிய துணுக்கைப் பற்றி முதன்முதலில் எழுதிவைத்தவர் பாரசீகத்தைச் சேர்ந்த அல் சூஃபி. கி.பி. 964-ல் அவர் எழுதிய நட்சத்திர நூலில் இதை ஒரு சிறு மேகம் என்று குறித்தார். அது இன்னொரு மண்டலம் என்று நிரூபிக்க அதற்கப்புறம் கிட்டத்தட்ட 960 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சிலர் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்றொருவர் இருந்தார். சங்கீதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். விலைகொடுத்து நல்ல தொலைநோக்கி வாங்க வசதி இல்லை. ஆகவே செம்பையும் வெள்ளீயத்தையும் தம் வீட்டிலேயே உருக்கி வார்த்து, கையாலேயே தேய்த்து உலோக ஆடி செய்தார். தேய்ப்பதை நடுவில் நிறுத்தினால் ஆடி கெட்டுவிடும் என்று ஒருமுறை பதினாறு மணிநேரம் கை எடுக்காமல் தேய்த்தார். அவருடைய தங்கை கரோலின் பக்கத்தில் நின்று வாயில் சோற்றை ஊட்டினார். அப்படிச் செய்த ஆறேகால் அங்குல ஆடியை வைத்துக்கொண்டு, 1781-ஆம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி, தம் வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். பிறகு பெரிய ஆடிகள் செய்து, சுமார் 2,500 மேகத் துணுக்குகளையும் நட்சத்திரக் கூட்டங்களையும் பட்டியல் போட்டார்.

சோறு ஊட்டிய தங்கை சும்மா இருக்கவில்லை. அண்ணன் சொல்லச் சொல்ல இரவெல்லாம் எழுதிக்கொண்டவர், தாமும் சிறிய தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு வானத்தைத் துழாவினார். 1783-ல் தென்வானத்தில் ஒரு நீண்ட மேகத் துணுக்கைக் கண்டுபிடித்தார். அதுவும் நம்முடையதைப்போல ஒரு தனி மண்டலம் என்று இன்று தெரியும். இன்று தென்மேற்கில் அதையும் காட்டுவோம். 1787 முதல் கரோலினுக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் கிடைத்தது. இங்கிலாந்தில் விஞ்ஞான வேலைக்குச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

அமெரிக்காவில் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில், போட்டோத் தகடுகளிலுள்ள நட்சத்திரங்களை எண்ணி அளப்பதற்குப் பெண்களை வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹென்ரியட்டா லெவிட். காது கேளாதவர். மணிக்கு 30 சென்ட் கூலி. தென்வானத்தில் மெகல்லன் மேகங்கள் என்று இரண்டு சிறு மண்டலங்கள் இருக்கின்றன. அவற்றை ஹார்வர்டிலிருந்து பார்க்கவே முடியாது. பெரு நாட்டிலிருந்து வந்த தகடுகளைத்தான் லெவிட் பார்த்தார். அந்தத் தகடுகளில் சில நட்சத்திரங்கள் கூடுவதும் மங்குவதுமாக இருப்பதைக் கவனித்தார். பிரகாசம் கூடிய நட்சத்திரம் மெதுவாகத் துடிக்கும், குறைந்தது வேகமாகத் துடிக்கும் என்ற விதியை 1912-ல் நிலைநாட்டினார். துடிப்பை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும். அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். வானத்தை அளக்கும் முழக்கோல் இப்படித்தான் கிடைத்தது.

1923-ல் எட்வின் ஹப்பிள் அந்த முழக்கோலை எடுத்து ஆண்ட்ரோமீடாவை அளந்தார். அது நம் மண்டலத்துக்கு வெளியே இருப்பது 1925-ன் தொடக்கத்தில் முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஹப்பிள் படித்தவர், பேர் பெற்றவர். அவரோடு கூட உழைத்த மில்டன் ஹியூமசன் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். வில்சன் மலைமேல் அந்த நிலையத்தைக் கட்டியபோது கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர். பிறகு அதே இடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. இரவில் தொலைநோக்கிக்கு எடுபிடியாக நின்றே தொழிலைக் கற்றுக்கொண்டார். 1919-ல் அவரை விஞ்ஞானிகளோடு சேர்த்தார்கள். மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறது என்பதற்கு ஆதாரமான அளவுகளில் மிகக் கடினமானவற்றை எடுத்தது அந்தக் கழுதைக்காரரின் கைதான்!

ஒரு சங்கீத வாத்தியார், சோறு ஊட்டிய தங்கை, மணிக்கூலிப் பெண், கழுதை ஓட்டியவர் என்று இவர்களையெல்லாம் ஏன் எடுத்துச் சொல்கிறோம்? இந்தப் பெரிய விஷயம் பெரிய மனிதர்களுக்கு மட்டும் உரியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பதற்காகத்தான்.

இந்தத் தொலைநோக்கி எப்படி வந்தது?

இதோ நிற்கிறதே, இது கடையில் வாங்கியது அல்ல. எட்டு அங்குல அகலக் கண்ணாடி. ஒட்டுப்பலகைப் பெட்டி. அட்டைக் குழாய். கடைசல் வேலையில் ஓய்வுபெற்ற எங்கள் தோழர் ஒருவர் முன்னின்று செய்தது.

இரண்டு கனமான கண்ணாடி வட்டங்கள் எடுத்துக்கொண்டோம். ஒன்றை ஒரு பீப்பாயின்மேல் பொருத்தி, அதன்மேல் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, மற்றொன்றை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தோம். தேய்த்துக்கொண்டே பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். இப்படித் தேய்க்கத் தேய்க்க மேல்கண்ணாடி குழியும், கீழ்க்கண்ணாடி குவியும். நடுவில் எவ்வளவு குழி தெரியுமா? இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தக் குழியின் வடிவம், ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு அளவுக்குமேல் பிசகக்கூடாது.

இத்தனை நுட்பத்தை எதைக்கொண்டு சோதிப்பது? ஃபூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1858-ல் வழி சொல்லிக்கொடுத்தார். ஊசித்துளை போட்ட தகரத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு. கண்ணாடியில் பட்டுத் திரும்பிவரும் ஒளியை ஒரு சவரப் பிளேடால் மெல்ல மறைக்க வேண்டும். கண்ணாடியில் மேடுபள்ளம் இருந்தால் நிழலாக எடுத்துக் காட்டிவிடும். ஒரு விளக்கும் ஒரு பிளேடும்தான் கருவி! நூலின் தரத்தை விரலால் தடவியே சொல்லிவிடுகிற கைகள் நமக்கு உண்டு. அப்படிப்பட்ட கைகளுக்கு இது எட்டாத வித்தை அல்ல.

தாங்கு பெட்டி செய்யும் முறையை ஜான் டாப்சன் என்பவரிடமிருந்து உலகம் கற்றுக்கொண்டது. அவர் அமெரிக்காவில் வேதாந்த மடமொன்றில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னலிலிருந்து கழித்த கண்ணாடி, அட்டைக் குழாய், பழைய பலகை இவற்றால் பெரிய தொலைநோக்கிகள் செய்தார். மடத்தை விட்டு ஓடி ஓடிப்போய்த் தெருப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டினார். 1967-ல் மடத்திலிருந்து அவரை வெளியேற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டே, சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் நின்று போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் வானத்தைக் காட்டும் சங்கம் ஒன்றைத் தோழர்களோடு தொடங்கினார். பல ஆண்டுகள் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொடுத்து வந்த அவர் 2014-ல் காலமானார். அவர் காட்டிய பெட்டி மாதிரியை இன்று உலகெங்கும் செய்கிறார்கள்.

எட்டு அங்குலக் கண்ணாடி, இருட்டில் நன்கு விரிந்த கண்மணியைக் காட்டிலும் சுமார் 800 மடங்கு ஒளியைச் சேர்க்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஊர்ப்புற வானத்தில் பார்ப்பது எப்படி?

"800 மடங்கு ஒளி சேர்ந்தும் மங்கலாகத்தான் தெரியுமா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி.

நட்சத்திரம் ஒரு புள்ளி. கண்ணாடி பெரிதானால் புள்ளி பளிச்சென்று ஆகும். மண்டலமோ பரந்து கிடக்கும் மங்கிய ஒளி. ஆண்ட்ரோமீடாவின் முழு நீளம் ஆறு பூரணச் சந்திரர்களை வரிசையாக வைத்த அளவு. ஆனால் அதன் ஓரங்கள் அவ்வளவு மங்கல். ஊர் வெளிச்சம் வானத்துத் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானமே சாம்பல் நிறமாகிவிடுகிறது. அந்தச் சாம்பலுக்குள் மண்டலத்தின் ஓரங்கள் அமுங்கிப் போகின்றன. நடுமையம் மட்டும் தப்பித் தெரியும். பெருக்கத்தைக் கூட்டினால் வானமும் மங்கும், மண்டலமும் மங்கும். வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். சில மேகங்களுக்கு நிறக் கண்ணாடி போட்டு ஊர் வெளிச்சத்தை வடிகட்டலாம். மண்டலங்களுக்கு அது அதிகம் பயன்படாது. மண்டலத்தின் ஒளியும் எல்லா நிறமும் கலந்தது, இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளியும் எல்லா நிறமும் கலந்தது. எதை வடிகட்டுவது?

ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அனுபவத்தில் நாங்கள் கற்ற சில வழிகள் உண்டு.

முதலாவது, ஓரக்கண்ணால் பார்ப்பது. இரவில் மடைக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவர்களுக்கு இது தெரியும். வரப்பில் மங்கலாகக் கிடப்பதை நேரே பார்த்தால் மறைந்துவிடும், சற்றே ஒதுக்கிப் பார்த்தால் தெரியும். கண்ணின் நடுப்பகுதி பகலுக்கு உரியது, இருட்டுக்கு உரிய நுண்ணுறுப்புகள் ஓரத்தில்தான் நிறைய இருக்கின்றன.

இரண்டாவது, தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்வது. பக்கத்து விளக்கு கண்ணில் படாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, குழாயை மெதுவாகத் தட்டுவது. அசையாமல் கிடக்கும் மங்கலைக் கண் விட்டுவிடும், அசைந்தால் பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, காலமறிந்து பார்ப்பது. மழை பெய்து தூசி அடங்கிய இரவு நல்லது. கடைகள் அணைத்த பின்னிரவு நல்லது. மண்டலம் அடிவானத்தில் இருக்கும்போது பார்ப்பதைவிட உச்சிக்கு ஏறியதும் பார்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தோடு போகும். மார்கழி, தை ஆண்ட்ரோமீடாவுக்கு உகந்தது. சித்திரையில் வடக்கே சப்தரிஷிக்கு அருகில் ஜோடியாக இரண்டு மண்டலங்கள் தெரியும். அவை சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன.

அந்த ஜோடியில் ஒன்றைப் பற்றி ஒரு செய்தி. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி, லண்டன் நகரின் ஓரத்தில் மில் ஹில் என்ற இடத்தில், கல்லூரி நிலையத்துத் தொலைநோக்கியில் ஓர் ஆசிரியர் நாலு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி 14 அங்குலம்தான். மேகம் சூழ்ந்து வந்தது. அவசரத்தில் அந்த மண்டலத்துக்குத் திருப்பினார்கள். முன்பு இல்லாத ஒரு நட்சத்திரம் அங்கே எரிந்துகொண்டிருந்தது! வெடித்துச் சிதறும் நட்சத்திரத்தை உலகில் முதலில் கண்டு அறிவித்தவர்கள் அவர்கள்தான். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவான்ஸ் என்ற பாதிரியார், சொந்தத் தொலைநோக்கியில் வெறும் கண்ணை வைத்துப் பார்த்தே இப்படி 40-க்கும் அதிகமான வெடிப்புகளைக் கண்டுபிடித்தார். நூற்றுக்கணக்கான மண்டலங்களின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். கொல்லைப்புறத்துத் தொலைநோக்கியும் வேலைக்கு உதவும் கருவிதான்.

இதனால் நமக்கு என்ன?

போன மாதம் ஓர் அக்கா வந்து பார்த்தார். களையெடுப்பும் அறுப்புமாகக் காலம் தள்ளுகிறவர். பார்த்துவிட்டு நேருக்கு நேர் கேட்டார்: "தம்பி, இதைப் பார்த்தா கூலி கூடுமா?"

கூடாது. அப்படிச் சொல்லி நாங்கள் யாரையும் ஏமாற்ற மாட்டோம். கூலிக்கு வேறு வழி இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் அதே அக்கா, போகும்போது மறுபடி வரிசையில் வந்து நின்றார். "இன்னொரு தரம் காட்டு. வீட்டுக்குப் போய்ப் பேத்திக்குச் சொல்லணும்" என்றார். இரண்டாம் தரம் பத்து நிமிஷம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது, "நடுவிலே தடிச்சு, ஓரத்திலே நீண்டு கிடக்கு, சாய்ஞ்ச சொளகு மாதிரி" என்றார். ஆண்ட்ரோமீடா மண்டலம் ஒரு தட்டு, அதை நாம் சாய்வாகப் பார்க்கிறோம் என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் நாங்கள். அக்காவோ தம் கண்ணாலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

தன் கண்ணால் பார்த்து, தன் புத்தியால் முடிவுக்கு வருவது சாதாரண விஷயமா? "இது உனக்குப் புரியாது" என்ற பேச்சை நாம் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம்! கணக்கில் புரியாது, சட்டத்தில் புரியாது, இயந்திரத்தில் புரியாது. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்திலிருப்பதன் வடிவத்தைத் தானே பார்த்துச் சொன்னவரிடம், கூலிச் சீட்டு உனக்குப் புரியாது என்று இனி யார் சொல்ல முடியும்?

வானத்தைப் பறிக்கும் விளக்கு

நாங்கள் சொல்ல வந்ததில் முக்கியமானது இனிமேல்தான் வருகிறது.

லெவிட் அளந்த மெகல்லன் மேகத்தைப் பற்றிச் சொன்னோம். ஹார்வர்டிலிருந்து தெரியாத அது நம் ஊரிலிருந்து தெரியும். இந்தத் தை மாதத்தில் இரவு ஒன்பது பத்து மணிக்கு நேர் தெற்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டி அளவு உயரத்தில்தான் பெரிய மெகல்லன் மேகம் இருக்கும். ஒளி அங்கிருந்து வர சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகள். தொலைநோக்கியே வேண்டாம், நல்ல இருட்டாக இருந்தால் வெறும் கண்ணே போதும்.

ஆனால் இந்த மாடியிலிருந்து அதைக் காட்ட எங்களால் முடியவில்லை. தெற்கே பாருங்கள். அதோ கிடங்கின் மதில்மேல் நிற்கிற பெருவிளக்கு! அதன் முகம் தரையைப் பார்க்கவில்லை, ஆகாயத்தைப் பார்க்கிறது. தெற்கு வானம் முழுவதையும் அது தின்றுவிட்டது.

பால்வீதியையே பார்க்க முடியாத இடங்களில் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வாழ்கிறார்கள் என்று 2016-ல் விஞ்ஞானிகள் கணக்கெடுத்து அறிவித்தார்கள். ஹப்பிளும் ஹியூமசனும் வேலை செய்த வில்சன் மலையிலும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வெளிச்சம் பெருகப் பெருக, மங்கலான மண்டலங்களை ஆராய்வது முடியாமல் போயிற்று. நம் நாட்டில் வைணு பாப்பு இருட்டான இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி வேலை தொடங்கியது. லடாக்கில் ஹான்லே பகுதியை இருள் காக்கும் வட்டாரமாக 2022-ல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் லடாக் போய் வானம் பார்க்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அவன் வீட்டு மாடியில் வானம் வேண்டாமா?

விளக்கே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாகச் சிலர் வதந்தி கிளப்புகிறார்கள். அது பொய். இரவு ஷிப்டு முடிந்து தனியே நடந்துவரும் நம் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும். பாதையில் வேண்டும், காலடியில் வேண்டும். கண்ணைக் கூசவைத்துவிட்டு விளக்குக்குப் பின்னால் நிற்பவனை மறைக்கும் வெளிச்சம் யாருக்குப் பாதுகாப்பு?

இதை நாங்கள் வாயால் மட்டும் சொல்லவில்லை, செய்து காட்டினோம். பஞ்சாயத்து அனுமதியோடு நம் தெருவில் இரண்டு விளக்குகளுக்குத் தகர மூடி போட்டு முகத்தைக் கீழே திருப்பினோம். மறுநாள் நூற்புப் பகுதிப் பெண்களே வந்து சொன்னார்கள்: "இப்பத்தான் பாதையில குழி தெரியுது, எதிர்ல வர்றவன் முகமும் தெரியுது." வானத்துக்குப் போன வெளிச்சம் தரைக்கு வந்தால் வேறு எப்படி இருக்கும்? குறைந்த வாட்டு விளக்கே போதும், மின்சாரமும் மிச்சம்.

வயலுக்கும் இதில் பங்கு உண்டு. இரவு நீளும்போது கதிர்விடும் பழைய சம்பா ரகங்கள், இரவெல்லாம் விளக்கடியில் நின்றால் இரவு எது என்று தெரியாமல் கதிர்விடத் தாமதிக்கும். சாலை விளக்கின் கீழ் ஒரு வட்டம் மட்டும் பச்சையாகவே நிற்பதைப் பார்த்த தோழர்கள் இங்கே இருப்பார்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மீதியுள்ள தெரு விளக்குகளுக்கும் மூடி போடு. கிடங்கு விளக்கின் முகத்தைத் தரைக்குத் திருப்பு. வேலை இல்லாத நேரத்தில் அணை. இதற்கான மனுவில் இந்த மாடியிலேயே கையெழுத்து வாங்குகிறோம், ஆனால் பார்த்து முடித்த பிறகு! எழுத விளக்குப் போட வேண்டும் அல்லவா?

நிலத்துக்குப் பட்டா இருக்கிறது. தண்ணீருக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள். வானத்துக்கு மட்டும் இதுவரை யாரும் பட்டா எழுதவில்லை. ஆனால் பட்டா இல்லாமலே ஒரு விளக்கால் அதை நம்மிடமிருந்து பறிக்க முடியும் என்பதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். அது எல்லோருக்கும் பொது என்று வாயால் சொன்னால் போதாது, பொதுவாக வைத்துக்கொள்ள நாம் வேலை செய்ய வேண்டும்.

அரைமணி ஆகிவிட்டது. உங்கள் கண் தயாராக இருக்கும். வடமேற்கே திரும்புங்கள். பஞ்சாங்கத்தில் பூரட்டாதி, உத்திரட்டாதி என்கிறோமே, அந்த நாலு நட்சத்திரங்களும் அதோ ஒரு பெரிய சதுரமாக நிற்கின்றன. அதன் மேல்மூலையிலிருந்து இரண்டு நட்சத்திரம் தாண்டி, அங்கிருந்து வடபுறமாக மங்கலான இரண்டைத் தாண்டுங்கள். தொலைநோக்கி அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

குழந்தைகளும் வயதானவர்களும் முதலில் வரட்டும். பெட்டியைத் தொடலாம், உடைந்தால் மறுபடி செய்துகொள்வோம். யாரும் அவசரப்பட வேண்டாம். நேரே பார்க்காதீர்கள், ஓரக்கண்ணால் பாருங்கள். தெரிகிறவரை நில்லுங்கள். 25 லட்சம் ஆண்டுகளாக வந்த ஒளிக்கு, பின்னால் நிற்பவர் ஐந்து நிமிஷம் காத்திருக்க மாட்டாரா?

வாருங்கள், தோழர்களே!